கசிந்த பெட்ரோலும் "கண்டறியப்படவில்லை" என்ற அறிக்கையும்: கண்காணிப்புக் கிணறுகளின் முடிவை எப்படி வாசிப்பது?

கிணற்றடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவில் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெட்ரோல் போடும் இயந்திரம் ஒன்றின் அடியில் செல்லும் குழாயின் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. குழாயை மாற்றிவிட்டார்கள், ஆனால் அதற்குள் எவ்வளவு எரிபொருள் மண்ணுக்குள் இறங்கியது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. நிலைய வளாகத்துக்குள் மூன்று கண்காணிப்புக் கிணறுகள் போடப்பட்டன. முதல் அளவீட்டின்போது நீர்மட்டம் தரையிலிருந்து 5 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருந்தது. இரண்டாம் கிணற்றில் நீரின்மேல் 18 சென்டிமீட்டர் கனத்துக்குப் பெட்ரோல் மிதந்தது. எங்கள் பக்கமாக இருக்கும் மூன்றாம் கிணற்று நீரில், பெட்ரோலில் உள்ள நச்சுப் பொருளான பென்சீன் லிட்டருக்கு 2,400 மைக்ரோகிராம் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எடுப்பதில்லை.

இப்போது புதிய அறிக்கை வந்திருக்கிறது. நல்ல மழைக்குப் பிறகு எடுத்த அளவு அது. எந்தக் கிணற்றிலும் மிதக்கும் பெட்ரோல் இல்லை. இரண்டாம் கிணற்றில் பென்சீன் 310 மைக்ரோகிராமாகக் குறைந்திருக்கிறது. ஒன்றாம், மூன்றாம் கிணறுகளில் "கண்டறியப்படவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். மாசு தானாகவே அழிந்துவருவதால் கண்காணிப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்பது அறிக்கையின் பரிந்துரை. எங்கள் கிணற்று நீரில் எந்த வாடையும் இல்லை. முப்பது ஆண்டுகளாக இந்த நீரையே குடித்த என் தாயார், இனி எடுக்கலாமா என்று நாள்தோறும் கேட்கிறார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

மண்ணியலர்

பதில் சொல்வதற்கு முன் நான்கு விவரங்கள் தேவை. புதிய அளவீட்டு நாளில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருந்தது? கண்காணிப்புக் கிணறுகளின் கேசிங் குழாயில் நீர் நுழையும் கீற்றுகள் எந்த ஆழத்தில் தொடங்கி எந்த ஆழத்தில் முடிகின்றன? மூன்று கிணறுகளும் வளாகத்தில் எங்கெங்கே இருக்கின்றன? ஆய்வகத்தின் கண்டறி வரம்பு, அதாவது அவர்களால் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு, எவ்வளவு? இவை அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். அவை வரும்வரை உங்கள் தாயாரைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

மாதிரிக்குப்பி

வாடை இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதை மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆனால் பென்சீனின் சுவை நாக்குக்குத் தெரியவே குறைந்தது 500 மைக்ரோகிராம் வேண்டும். மூக்குக்குத் தெரிய அதைவிடப் பன்மடங்கு வேண்டும். எனவே வழிகாட்டு அளவைப் போல் ஐம்பது மடங்கு பென்சீன் இருக்கும்போதும் அதன் வாடையோ சுவையோ நம்மை எச்சரிக்காது. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட உண்மை. நீரைக் கொதிக்கவைப்பதும் தீர்வாகாது. பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலந்துவிடும். அதே காரணத்தால் மூடிய குளியலறையில் வெந்நீராகப் பயன்படுத்துவதையும் தவிர்த்துவிடுங்கள்.

கிணற்றடி

பின்னிணைப்பைத் தேடிப் படித்தேன். நீர்மட்டம் இம்முறை 2.1 மீட்டர் ஆழத்தில் இருந்தது. மூன்று கிணறுகளிலும் கீற்றுக் குழாய் 4 மீட்டரில் தொடங்கி 7 மீட்டரில் முடிகிறது. மூன்றும் நிலையத்தின் முன் சுவரையொட்டி ஒரே வரிசையில் இருக்கின்றன. எங்கள் வீடு அந்த வரிசையின் முடிவுக்கு அப்பால், சற்றே பின்பக்கமாக இருக்கிறது. கண்டறி வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று அச்சிடப்பட்டுள்ளது. மாதிரி எடுத்த அன்று நான் அருகில் நின்று பார்த்தேன். கயிற்றில் கட்டிய பெய்லரை (நீரை மொள்ளும் நீண்ட குழாயை) விட்டு நீரை மொண்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு ஊற்றி மூடினார்கள்.

மண்ணியலர்

நன்றி. நீங்கள் தந்த விவரங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன. இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு நீர் தூய்மையாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாசு மறைந்ததற்கும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டவில்லை. சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலின் அடர்த்தி நீரினுடையதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. மண்ணுக்குள் இறங்கும் பெட்ரோல் நீர்மட்டத்தைத் தொட்டதும் அதற்குமேல் இறங்காமல், அதன்மேல் பரவி நிற்கும். ஆனால் குளத்தில் எண்ணெய் மிதப்பதைப் போன்ற காட்சியாக இதைக் கற்பனை செய்யக்கூடாது. மண் துகள்களின் இடுக்குகளில் நீர், காற்று, பெட்ரோல் ஆகிய மூன்றும் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பெட்ரோலும் கூடவே இறங்கி, வழியிலுள்ள மண்ணிலெல்லாம் ஒட்டிக்கொண்டே போகிறது. மழைக்குப் பின் நீர் ஏறும்போது பெட்ரோல் முழுவதும் மேலே வருவதில்லை. பெரும்பகுதி சிறுசிறு துளிகளாகத் துண்டுபட்டு, இடுக்குகளில் நீரால் சூழப்பட்டுச் சிறைப்பட்டுவிடுகிறது. அந்தத் துளிகளால் கிணற்றுக்குள் பாய்ந்து வர முடியாது. எனவே கிணற்றில் மிதக்கும் பெட்ரோல் மழைக்காலத்தில் "காணாமல்" போகும். நீர்மட்டம் மீண்டும் இறங்கியதும் திரும்பி வரும். இதை நான் பல நிலையங்களில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். நீர்மட்ட அளவைப் பக்கத்தில் வைக்காமல் பெட்ரோல் கனத்தின் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏமாறுகிறார்கள்.

உங்கள் கிணறுகளில் இன்னொரு குறையும் உண்டு. கீற்றுகள் 4 மீட்டரில்தான் தொடங்குகின்றன, நீரோ 2.1 மீட்டரில் நிற்கிறது. அப்படியானால் நீர்மட்டத்துக்குக் கீழே 1.9 மீட்டர் வரை துளையில்லாத குழாய்ச் சுவர் மறைத்து நிற்கிறது. நீர்ப்பரப்பில் பெட்ரோல் மிதந்தாலும் கிணற்றுக்குள் நுழைய அதற்கு வழியில்லை. எரிபொருள் கசிவைக் கண்காணிக்கும் கிணற்றில், ஆண்டின் மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேலே தொடங்கி மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்குக் கீழே வரை கீற்றுகள் இருக்க வேண்டும் என்பது முதற்பாடம். வறண்ட காலத்தில் துளையிட்டவர்கள் அன்று கண்ட நீர்மட்டத்தையே நிலையானதாக எண்ணிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, கிணறுகள் நிற்கும் இடம். நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அறியக் குறைந்தது மூன்று புள்ளிகள் தேவை; ஆனால் அவை முக்கோணமாக அமைய வேண்டும். ஒரே கோட்டில் மூன்று கிணறுகளை வைத்தால், அந்தக் கோட்டின் வழியே உள்ள சரிவு மட்டுமே தெரியும். குறுக்குத் திசையில் நீர் உங்கள் வீட்டை நோக்கிப் போகிறதா, எதிர்ப்புறம் போகிறதா என்பதை அந்த எண்களிலிருந்து எவராலும் கணக்கிட முடியாது. கிணற்று வாய்களின் உயரத்தையும் நில அளவைக் கருவியால் துல்லியமாக எடுத்திருக்க வேண்டும்.

முதல் அறிக்கையில் ஒரு திருத்தம் செய்தார்களா என்றும் பாருங்கள். 18 சென்டிமீட்டர் பெட்ரோல் மிதக்கும்போது அதன் எடை கிணற்று நீரைக் கீழே அழுத்திவிடும். உண்மையான நீர்மட்டத்தை அறிய, பெட்ரோலின் கனத்தை அதன் அடர்த்தியால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 18 × 0.74, அதாவது ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். சிறிய தொகை என்று தோன்றலாம். ஆனால் மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் சரிவுள்ள இடத்தில் 30 மீட்டர் இடைவெளிக்குள் இயற்கையான வேறுபாடே 12 சென்டிமீட்டர்தான். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் வரைபடத்தில் ஓட்டத்தின் திசையே புரண்டுபோகும்.

மாதிரிக்குப்பி

ஐயா கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட்டார். பதினோரு ஆண்டுகளாக மாதிரி எடுப்பதே என் வேலை என்பதால், பாட்டிலைப் பற்றி நான் சொல்கிறேன்.

முக்கால் பங்கு நிரப்பிய பாட்டில் என்று படித்ததும் மனம் கனத்தது. பென்சீனும் அதன் கூட்டாளிகளான டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவையும் எளிதில் ஆவியாகுபவை. பாட்டிலின் மேற்பகுதியில் காற்று இருந்தால் அவை நீரைவிட்டு அந்தக் காற்றுக்குள் ஏறிவிடும். மூடியைத் திறந்த நொடியில் வெளியேறிவிடும். பிளாஸ்டிக் சுவரும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். இதற்கென்றே 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. டெஃப்லான் படிந்த மூடியுள்ள அந்தக் குப்பியில் நீரைச் சுவரோரமாக மெல்ல வழியவிட்டு, விளிம்புக்கு மேலே நீர் குமிழ்ந்து நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். மூடியபின் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தால் ஒரு காற்றுக்குமிழும் எழக்கூடாது. நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்றுவிடாமல் இருக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, பிஎச் மதிப்பை 2-க்குக் கீழே கொண்டுவந்து, 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தால் 14 நாள்கள்வரை தாங்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் அமிலம் பட்டதும் நுரைக்கும். அந்த நுரையோடு பென்சீனும் போய்விடும். அத்தகைய நீரை அமிலம் இல்லாமலே எடுத்து 7 நாள்களுக்குள் ஆய்வை முடிக்கச் சொல்ல வேண்டும்.

பெய்லரை நான் முழுமையாக ஒதுக்கமாட்டேன், ஆனால் அது தொப்பென்று விழுந்து நீரைக் கலக்கிவிடும்போது ஆவியாகும் பொருள் இழப்பாகிறது. சிறிய பம்பைக் கீற்றுகளின் நடுப்பகுதியில் நிறுத்தி, நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாக மெதுவாக எடுத்து, கிணற்று நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது சிறந்த முறை. பிஎச், மின்கடத்து திறன், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் குறித்துவர வேண்டும். அடுத்தடுத்த மூன்று அளவுகள் ஏறக்குறைய ஒன்றாக நின்றால்தான் குழாயில் தேங்கிக் கிடந்த நீர் போய், நிலத்து நீர் வருகிறது என்று பொருள்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. நிலையத்துக்கு எதிராகப் பேசும் எண்களையும் நான் அதே கண்டிப்போடுதான் பார்ப்பேன். மாதிரி எடுக்க வந்தவர் அதே நிலையத்தில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, அதே கையோடு குப்பியைத் தொட்டால், தூய நீரிலும் பென்சீன் தெரியும். குப்பியின்மேல் எழுதும் மார்க்கர் பேனாவின் மையில் சைலீன் இருக்கலாம். கிணறு அமைக்கும்போது பிவிசி குழாய்களைப் பசை போட்டு ஒட்டினால் அந்தப் பசையின் கரைப்பான்கள் மாதங்கள் கழித்தும் மாதிரியில் தலைகாட்டும். அதனால்தான் மரையிட்ட குழாய்களையே பயன்படுத்துகிறோம். இவற்றைப் பிரித்தறிய, ஆய்வகத்திலேயே தூய நீர் நிரப்பிய ஒரு குப்பி மாதிரிப் பெட்டியோடு போய் வர வேண்டும். அந்த வெற்றுக் குப்பியில் பென்சீன் இருந்தால் அன்றைய முடிவுகள் அனைத்தும் ஐயத்துக்குரியவை.

தொட்டிக்காவல்

நான் நிலையங்களின் தொட்டி, குழாய்ப் பராமரிப்பில் இருப்பவன். இங்கே எழுதியவர்கள் அனுபவசாலிகள் என்பது தெரிகிறது. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கசிவும் ஊரின் நீரையெல்லாம் கெடுத்துவிடும் என்ற அச்சம் தரவுகளோடு ஒத்துப்போவதில்லை. 1995-ல் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் நூற்றுக்கணக்கான கசிவு இடங்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான இடங்களில் பென்சீன் பரவல் கசிந்த இடத்திலிருந்து 80 மீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பென்சீனை உணவாகக் கொள்கின்றன. இது நிறுவப்பட்ட உண்மை. அறிக்கை தானாக அழிவதைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. மண்ணைத் தோண்டுவதும் ஆண்டுக்கணக்கில் நீரை இறைப்பதும் எல்லா இடத்துக்கும் தேவையில்லை.

மண்ணியலர்

நண்பர் சொன்ன ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அதே 80 மீட்டருக்குள் கிணற்றடி அவர்களின் வீடு 60 மீட்டரில் இருக்கிறது. பெரும்பாலான இடங்கள் என்ற சொல்லால் இந்த ஓர் இடத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அங்கே ஓர் ஆழ்துளைக் கிணறு நீரை இழுத்துக்கொண்டும் இருந்தது. பம்பு ஓடும்போது நிலத்தடி ஓட்டத்தின் திசையும் வேகமும் மாறிவிடும்.

தானாக அழிகிறது என்று சொல்பவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க வழியும் இருக்கிறது. ஒரு கிராம் பென்சீனை முழுமையாகச் சிதைக்க ஏறத்தாழ 3 கிராம் ஆக்சிஜன் தேவை. நிலத்தடி நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகுதியாக இருந்தாலும் லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு 2.6 மில்லிகிராம் பென்சீனைத்தான் சிதைக்கலாம். ஆனால் பென்சீன் தனியாக வருவதில்லை. டொலுவீன், சைலீன் உள்ளிட்ட எல்லாமே அதே ஆக்சிஜனுக்குப் பங்கு கேட்கின்றன. எனவே நிலத்தடி நீரில் கரைந்து பரவும் மாசுத் திரளின் நடுவில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். அதன்பிறகு நுண்ணுயிர்கள் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி, கடைசியில் மீத்தேனை வெளியிடும் நிலைக்குப் போகின்றன. இந்தப் படிகளில் பென்சீன் சிதைவது மிகவும் மெதுவாகிவிடுகிறது. உண்மையிலேயே சிதைவு நடந்தால் கிணற்று நீரில் அதன் தடயம் இருக்கும்: ஆக்சிஜனும் நைட்ரேட்டும் சல்பேட்டும் குறைந்திருக்கும், கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருக்கும். அறிக்கையில் இவற்றில் ஒன்றையாவது அளந்தார்களா? மழைநீர் கலந்து நீர்த்துப்போனதால் எண் குறைவதும், நுண்ணுயிர் தின்றதால் எண் குறைவதும் ஒன்றல்ல.

அதோடு, சிறைப்பட்ட பெட்ரோல் மண்ணில் இருக்கும்வரை அது ஓர் ஊற்று. தூய பென்சீன் நீரில் லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் அளவுக்குக் கரையும். பெட்ரோலில் பென்சீன் ஒரு விழுக்காடு இருப்பதாகக் கொண்டால், அந்தப் பெட்ரோலைத் தொட்டு நிற்கும் நீரில் அது 18 மில்லிகிராம் அளவில் இருக்கலாம். அதாவது 18,000 மைக்ரோகிராம். கசிந்து சிலகாலமான பெட்ரோலில் இது குறைந்திருக்கும் என்றாலும், 18 சென்டிமீட்டர் பெட்ரோல் மிதந்த கிணற்றில் இப்போது 310 மட்டுமே என்பது, மாசு போய்விட்டது என்பதைவிட மாதிரியில் ஏதோ குறை இருக்கிறது என்பதையே எனக்குச் சொல்கிறது.

இன்னொரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் அதே ஒரு விழுக்காட்டுப் பென்சீன் 7.4 கிராம். 10 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவுக்கு அது 7,40,000 லிட்டர் நீரைக் கொண்டுவந்துவிடும்.

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். நடுத்தர மணலில் நீர் ஊடுருவும் திறன் நாளுக்கு 5 மீட்டர், சரிவு 0.004, நுண்துளைப் பங்கு 0.25 என்று கொண்டால், நீர் நாளுக்கு 8 சென்டிமீட்டர் நகரும். ஆண்டுக்கு 29 மீட்டர். 60 மீட்டரைக் கடக்க இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். பென்சீன் மண்ணில் ஒட்டி ஒட்டி நகர்வதால் இன்னும் தாமதமாகும். அங்குள்ள மண் எது என்று தெரியாதவரை இது ஓர் எடுத்துக்காட்டுதான். ஆனால் இப்போதுதான் கண்காணிப்பு மிகவும் தேவைப்படும் காலம் என்பதை இது காட்டுகிறது.

வேதிக்கூடம்

ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து சில சொற்கள். "கண்டறியப்படவில்லை" என்பது பூஜ்யம் அன்று. இந்த அறிக்கையில் அதன் பொருள், 50 மைக்ரோகிராமுக்குக் குறைவு என்பதே. வழிகாட்டு அளவு 10 ஆக இருக்கும்போது 50-ஐக் கண்டறி வரம்பாக வைத்துச் செய்த ஆய்வால் நீர் பாதுகாப்பானதா என்ற கேள்விக்குப் பதில் தரவே முடியாது. அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு 5. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1. வளிம நிறப்பகுப்புக் கருவியோடு நிறை நிறமாலைமானி இணைந்த ஆய்வில் அரை மைக்ரோகிராம்வரை அளப்பது இன்று வழக்கமான வேலை. மாதிரி அடர்ந்த மாசோடு வந்தால் நாங்கள் அதை நீர்த்துப்போகச் செய்து அளப்போம். அப்போது வரம்பும் அதே மடங்கு உயரும். இரண்டாம் கிணற்றுக்காக நீர்த்த அதே முறையை மற்றவற்றுக்கும் பின்பற்றிவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எந்தெந்தப் பொருள்களை அளக்கச் சொன்னார்கள் என்பதும் முக்கியம். பெட்ரோலில் எம்டிபிஇ என்ற ஈதர் சேர்க்கப்பட்டிருந்தால் அதைக் கட்டாயம் கேளுங்கள். அது பென்சீனைவிடப் பல மடங்கு நீரில் கரையும், மண்ணில் ஒட்டாது, எளிதில் சிதையாது. நீரின் வேகத்திலேயே போய் மாசுத் திரளின் முன்னணியில் நிற்கும். கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் 1996-ல் இந்தப் பொருளால் தன் குடிநீர்க் கிணறுகளை மூடி, நீர் வரத்தில் ஏறத்தாழ பாதியை இழந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஈஸ்ட் பட்சோக் என்ற இடத்தில் ஒரே ஒரு நிலையத்தின் கசிவு ஒரு மைல் அளவுக்கு நீண்டது. அங்கே மேலிருந்து இறங்கிய மழைநீர் மாசுத் திரளைக் கீழே அழுத்திக்கொண்டே போனதால், தொலைவில் இருந்த ஆழமற்ற கிணறுகளில் அது தெரியாமலே அடியில் கடந்து சென்றது.

எத்தனால் கலந்த பெட்ரோலானால் வேறொரு சிக்கல். எத்தனாலை நுண்ணுயிர்கள் முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் பென்சீன் சிதையாமல் மேலும் தொலைவு பயணப்படும், மீத்தேனும் மிகுதியாகும்.

நிலையம் பழையதா? ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்திலேயே இருந்ததா? அப்படியானால் 1,2-டைபுரோமோஈத்தேனையும் 1,2-டைகுளோரோஈத்தேனையும் அளக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் ஈயம் படியாமலிருக்க அவற்றைச் சேர்த்தார்கள். டைபுரோமோஈத்தேனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 0.4 மைக்ரோகிராம் மட்டுமே. வழக்கமான பென்சீன் ஆய்வு அந்த நுண்ணிய அளவை எட்டாது, தனி முறை வேண்டும். உலகில் எங்கும் வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது முற்றாக நின்றது 2021-ல்தான் என்பதை நினைத்தால், எத்தனை பழைய நிலையங்களின் அடியில் இது அளக்கப்படாமல் கிடக்கிறதோ என்ற கவலை எனக்கு உண்டு.

தொட்டிக்காவல்

மண்ணியலர் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். சிதைவுக்கான தடயங்களை அளக்காமல் அந்தப் பரிந்துரையை எழுதியிருக்கக்கூடாது.

என் துறையிலிருந்து ஒன்று சேர்க்கிறேன்: கசிவு உண்மையிலேயே நின்றுவிட்டதா? குழாயின் ஓர் இணைப்பை மாற்றியதால் மற்றவை நலமாக இருக்கின்றன என்று ஆகாது. அமெரிக்க விதிகளின்படி தொட்டியில் பொருத்தும் தானியங்கி அளவுமானி மணிக்கு 0.2 கேலன், அதாவது 0.76 லிட்டர் கசிவைக் கண்டறிந்தால் தேறிவிடும். அதற்கும் சற்றுக் குறைவாக ஒழுகினால் கருவி மௌனமாக இருக்கும்; ஆனால் அந்த வேகத்தில் மாதத்துக்கு 500 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போகும். அழுத்தச் சோதனை இதைவிட நுணுக்கமானது, மணிக்கு 0.1 கேலன்வரை பிடிக்கும். எனவே தொட்டி, குழாய் இரண்டுக்கும் அண்மையில் செய்த அழுத்தச் சோதனையின் சான்றைக் கேளுங்கள். லாரியிலிருந்து எரிபொருளை இறக்கும் வாயைச் சுற்றியுள்ள சிறு தொட்டியையும், பம்பின்மேல் உள்ள குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய விபத்து ஒன்றும் இல்லாமல், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் சிந்தும் சில லிட்டர்களே ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மண்ணைக் கெடுத்த இடங்களை நான் அறிவேன். குழாய்களையும் மின்கம்பிகளையும் புதைத்த பள்ளங்களில் தளர்வான மணல் நிரப்பியிருப்பார்கள். பெட்ரோலும் அதன் ஆவியும் இயற்கையான சரிவை விட்டுவிட்டு அந்த வழியே ஓடக்கூடும். அந்தப் பள்ளங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்ற வரைபடம் நிலையத்திடம் இருக்கும்.

கிணற்றடி

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். உங்கள் பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு ஒழுங்குமுறை அலுவலரைச் சந்தித்தேன். கண்காணிப்பு நிறுத்தப்படவில்லை. எங்கள் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையில், வரிசையிலிருந்து விலகி, அருகருகே மூன்று ஆழங்களில் புதிய கிணறுகள் போடப்பட்டன. முதலாவதில் கீற்றுகள் 1.5 முதல் 6.5 மீட்டர் வரை. அடுத்தவை 10 முதல் 11 மீட்டர் வரையும் 16 முதல் 17 மீட்டர் வரையும். இம்முறை கண்ணாடிக் குப்பிகளில், குமிழ் இல்லாமல், வெற்றுக் குப்பியோடு எடுத்தார்கள். கண்டறி வரம்பு அரை மைக்ரோகிராம்.

நீர்மட்டம் 4.7 மீட்டருக்கு இறங்கியிருந்தது. இரண்டாம் கிணற்றில் 6 சென்டிமீட்டர் பெட்ரோல் திரும்பவும் மிதக்கிறது. புதிய கிணறுகளில் மேல் ஆழத்தில் பென்சீன் 86, எம்டிபிஇ 210. நடு ஆழத்தில் பென்சீன் 140, எம்டிபிஇ 620. அடி ஆழத்தில் பென்சீன் இல்லை, எம்டிபிஇ 4. எங்கள் வீட்டுக் கிணற்றில் பென்சீன் 3, எம்டிபிஇ 38. எல்லாம் லிட்டருக்கு மைக்ரோகிராம். வெற்றுக் குப்பி தூய்மையாக இருந்தது. 3 என்பது 10-ஐவிடக் குறைவுதானே என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை ஏற்க மனம் இடம்தரவில்லை.

மாதிரிக்குப்பி

சகோதரரே, ஏற்காமலிருந்தது சரி. உங்கள் வீட்டுக் கிணற்றில் மாதிரி எடுப்பதற்கு முன் பம்பு எவ்வளவு நேரம் ஓடியது என்பதைக் குறித்தார்களா? பல மாதங்களாக ஓடாமல் இருந்த கிணறு என்றால், பம்பு ஓடத் தொடங்கியபின் அந்த 3 உயரக்கூடும்.

கிணற்றடி

பத்து நிமிடங்கள் மட்டுமே ஓடியது, சகோதரி.

மண்ணியலர்

அப்படியானால் தாயாருக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்போதைக்கு இதுவே: அந்த நீரைக் குடிக்க வேண்டாம், பம்பைத் தொடர்ந்து ஓட்டவும் வேண்டாம். எம்டிபிஇ 38 என்பது மாசுத் திரளின் முன்னணி உங்கள் கிணற்றை அடைந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. மெதுவாக வரும் பென்சீன் அதன் பின்னால் நடு ஆழத்தில் 140 ஆக நிற்கிறது. திரள் மேலே இருப்பதைவிட நடுவில் அடர்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? வேதிக்கூடம் சொன்ன அதே கீழ்நோக்கிய நகர்வுதான். பழைய கிணறுகளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இது என்றைக்கும் தெரிந்திருக்காது.

அலுவலரிடம் முதலில் கேட்க வேண்டியது இரண்டாம் கிணற்றைச் சுற்றியுள்ள பெட்ரோலை எடுப்பது. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் இந்த வாரங்களில்தான் அது கைக்கு அகப்படும், மழை வந்தால் மீண்டும் சிறைப்படும். நீர்மட்டமும் பெட்ரோல் கனமும் மாதம் ஒருமுறை, மாதிரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு முழு ஆண்டுகள் வேண்டும். எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று கணக்கிடும் மான்-கெண்டல் என்ற போக்குச் சோதனைக்கு நான்கு அளவுகளே போதும் என்பார்கள். ஆனால் ஈரமும் வறட்சியும் மாறிமாறி வரும் இடத்தில் அந்த நான்கும் ஒரே ஆண்டில் விழுந்தால், மாசின் போக்கை அளக்காமல் மழையின் போக்கை அளந்துவிடுவோம். ஒரே பருவத்து எண்ணை அதே பருவத்து எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

உங்களால் முடிந்த ஓர் உதவி இருக்கிறது. அடுத்த அளவீட்டு நாளில் பழைய மூன்று, புதிய மூன்று, உங்கள் வீட்டுக் கிணறு ஆகிய ஏழின் நீர்மட்டங்களையும் ஒரே காலைப்பொழுதில், பம்பை முந்திய நாளிலிருந்தே நிறுத்திவைத்து எடுக்கச் சொல்லுங்கள். கிணற்று வாய்களின் உயரங்களோடு அவற்றை இங்கே பதிவிடுங்கள். இப்போது நமக்கு முக்கோணம் கிடைத்துவிட்டது. ஓட்டத்தின் திசையைச் சேர்ந்தே வரைந்து பார்ப்போம்.